அப்பா வெட்டிய கிணறும் கிரீன்லாந்து மண்ணும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல் மாணவி)

மண்ணைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் தோழிகள் சிரித்தார்கள். "கவிதை எழுது, கதை எழுது. மண்ணைப் பற்றி எழுதினால் யார் படிப்பார்கள்?" என்று கேட்டார்கள். மலருக்குக் கட்டுரை கொடுக்கும் கடைசி நாள் வரை நானும் தயங்கிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் இவ்வாண்டு எனக்கு நேர்ந்த ஓர் அனுபவத்தை எழுதாவிட்டால் என் மனம் ஆறாது. அதில் ஓர் அரிய விஞ்ஞானச் செய்தி இருக்கிறது. அத்துடன் ஒரு பொய்யும் கலந்திருக்கிறது. அந்தப் பொய்யைச் சொன்னவள் நான். ஆகவே பேராசிரியப் பெருமக்களும் உடன் பயிலும் நண்பர்களும் சற்றே பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

எங்கள் ஊர் கரிசல் காட்டு ஊர். மழை பெய்தால் கால் வைக்க முடியாத சேறு. கோடை வந்தால் கால் உள்ளே போய்விடும் அளவுக்கு வெடிப்பு. பருத்தி, உளுந்து, கம்பு, மிளகாய் விளையும் வானம் பார்த்த பூமி அது. அந்தப் பூமியில் எங்கள் குடும்பத்திற்கு ஒரு குறுக்கம் நிலம்கூடக் கிடையாது. என் அப்பா கிணறு வெட்டும் தொழிலாளி. கடப்பாரை, மண்வெட்டி, கூடை, வடம் இவைதாம் அவருடைய சொத்து. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, பதினான்காம் வயதில் கிணற்றுக்குள் இறங்கியவர். ஆழ்துளைக் கிணறுகள் பெருகிய பின்னர் புதுக் கிணறு வெட்டுவோர் அருகிவிட்டனர். இப்போது பழைய கிணறுகளில் தூர் வாருவதும் ஆழப்படுத்துவதும்தான் அவருக்குப் பெரும்பாலும் கிடைக்கும் வேலை.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பின் வீட்டு நிலைமை காரணமாக ஓராண்டு தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனேன். பிறகு 2024-இல் இக்கல்லூரியில் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்னைச் சேர்ப்பதற்காக வந்த அன்று அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, அலுவலக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "செருப்பைப் போட்டுக்கொண்டே வரலாம்" என்று அங்கிருந்த ஒருவர் சொன்னபோது எனக்கு முகம் சிவந்துபோயிற்று. அந்தச் சிவப்பிலிருந்துதான் இந்தக் கதை தொடங்குகிறது.

முதல் வாரம் வகுப்பில் ஒவ்வொருவரும் தம்மை அறிமுகம் செய்துகொண்டோம். ஒருத்தியின் தந்தை ஆசிரியர். ஒருவனின் தந்தை மளிகைக் கடை வைத்திருக்கிறார். இன்னொருத்தியின் தந்தை பேருந்து நடத்துநர். என் முறை வந்தது. "அப்பா விவசாயம்" என்றேன். யாரும் மறுத்துக் கேட்கவில்லை. மிகச் சிறிய பொய்தான். ஆனால் சிறிய பொய்க்கு நாள்தோறும் தீனி போட வேண்டியிருக்கிறது. "எத்தனை ஏக்கர்?" என்று ஒருத்தி கேட்டாள். "நான்கு" என்றேன்.

முதலாண்டின் இறுதியில் ஒரு நாள் மாலை கல்லூரி முடிந்து டவுன் பஸ்ஸில் தோழியருடன் உட்கார்ந்திருந்தேன். வழியில் ஒரு நிறுத்தத்தில் அப்பா ஏறினார். உடம்பெல்லாம் சேறு காய்ந்து வெளுத்திருந்தது. கையில் கடப்பாரை. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தேன். அப்பா முன்பக்கமாக நகர்ந்துபோய், எங்களுக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். ஊரில் இறங்கியதும் முன்னே நடந்துவிட்டார். வீட்டிலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "சாப்பிட்டியா தாயி?" என்றுமட்டும் கேட்டார்.

கருத்தரங்கத் தலைப்பு

2025 செப்டம்பரில் எங்கள் துறையில் மாணவர் கருத்தரங்கு ஒன்றுக்கு ஏற்பாடாயிற்று. ஒவ்வொருவரும் ஒரு தலைப்பில் கால் மணி நேரம் பேச வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு வந்தது: "மண்ணில் எஞ்சிய டி.என்.ஏ.வைக் கொண்டு பழங்காலச் சூழலை அறிதல்". தமிழ் வழியில் படித்த எனக்கு முதல் கட்டுரையின் முதல் பக்கத்தைப் புரிந்துகொள்ளவே மூன்று இரவுகள் பிடித்தன. புரிந்த பிறகோ தூக்கம் பிடிக்கவில்லை!

பழங்காலத்தில் ஓரிடத்தில் என்ன விலங்குகள் வாழ்ந்தன என்பதை எலும்புகளைக் கொண்டும், என்ன செடிகொடிகள் இருந்தன என்பதை மகரந்தத் துகள்களைக் கொண்டும் அறிஞர்கள் அறிந்து வந்தார்கள். ஆனால் எலும்பு எல்லா இடத்திலும் மிஞ்சுவதில்லை. ஆயிரக்கணக்கில் விலங்குகள் வாழ்ந்து மடிந்த இடத்திலும் ஓர் எலும்பேனும் கிடைக்காமல் போகலாம். மகரந்தமோ காற்றில் வெகுதொலைவு பறந்து வரக்கூடியது. பூச்சிகளை நம்பியிருக்கும் செடிகள் மகரந்தத்தைக் குறைவாகவே உதிர்க்கும்.

ஆனால் உயிருள்ள எதுவும் மண்ணில் ஒன்றையும் விடாமல் போவதில்லை. உதிரும் இலை, மயிர், தோல், சாணம், சிறுநீர் இவை எல்லாவற்றிலும் செல்கள் உண்டு. செல்லில் டி.என்.ஏ. உண்டு. செல் சிதைந்ததும் வெளியே வரும் டி.என்.ஏ.வின் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் தின்றுவிடுகின்றன. ஒரு சிறு பகுதி மட்டும் களிமண், மணல் ஆகியவற்றின் துகள்களின்மேல் ஒட்டிக்கொண்டு தப்பிக்கிறது. குளிர்ந்த இடமாயின் அது மிக நெடுங்காலம் நிலைக்கிறது.

டென்மார்க்கைச் சேர்ந்த எஸ்கே வில்லர்ஸ்லெவ் என்ற ஆராய்ச்சியாளர், ஒரு நாய் தெருவில் மலம் கழித்ததைக் கண்டபோதுதான் இந்த எண்ணம் தமக்குத் தோன்றியதாகச் சொல்லியிருக்கிறார். மழை வந்து மலத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடும். ஆனால் அதிலிருந்த டி.என்.ஏ. மண்ணிலேயே தங்கிவிடுமோ என்று அவர் நினைத்தாராம். நாமும் நாள்தோறும் காணும் காட்சிதான். மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பதோடு நம் ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது.

2003-இல் அவரும் அவருடைய குழுவினரும் சைபீரியாவின் உறைந்த மண்ணை ஆராய்ந்து முடிவை வெளியிட்டார்கள். எலும்பு எதுவுமின்றி, வெறும் மண்ணிலிருந்தே, மாமூத் என்னும் மயிரடர்ந்த யானை, காட்டெருமை, குதிரை ஆகியவற்றின் தடயங்களை எடுத்துக்காட்டினார்கள். தாவரங்களின் தடயமோ ஏறத்தாழ 4,00,000 ஆண்டுகள் வரை பின்னோக்கிச் சென்றது. 2017-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து ஆய்வாளர்கள், ஐரோப்பிய, ஆசியக் குகைகளின் தரைமண்ணிலிருந்து நியாண்டர்தால் மனிதரின் டி.என்.ஏ.வையே பிரித்தெடுத்தனர். அவற்றுள் சில அடுக்குகளில் மனித எலும்பு ஒன்றுகூடக் கிடைத்ததில்லை.

இருபது லட்சம் ஆண்டுக் காடு

இவை அனைத்தையும் விஞ்சியது கிரீன்லாந்துச் செய்தி. கிரீன்லாந்தின் வடகோடியில் பியரி லேண்ட் என்ற பகுதி உள்ளது. மரமே இல்லாத பனிப்பாலைவனம் அது. அங்கே கடலோரத்தில் காப் கோபன்ஹாவன் என்ற பெயருடைய மண்ணடுக்கு ஒன்று ஏறத்தாழ 100 மீட்டர் கனத்தில் படிந்திருக்கிறது. 2006 முதல் அங்கிருந்து மண் எடுத்து வந்து, டி.என்.ஏ. கிடைக்குமா என்று முயன்றார்கள். பல ஆண்டுகள் தோல்விதான். கருவிகளும் முறைகளும் முன்னேறிய பின்னர் 41 மண் மாதிரிகளிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்தார்கள். 2022 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் முடிவு வெளிவந்தது. அந்த டி.என்.ஏ.வின் வயது சுமார் 20 லட்சம் ஆண்டுகள்! அதற்கு முன்னர் அறியப்பட்ட மிகப் பழைய டி.என்.ஏ. சைபீரிய மாமூத்தின் பல்லிலிருந்து கிடைத்தது. அதன் வயது சுமார் 10 லட்சம் ஆண்டுகள். சாதனை ஒரே தாவலில் இரட்டித்துவிட்டது.

அந்த மண் சொன்ன கதை என்ன? இன்று புல்லும் அரிதாயுள்ள அவ்விடத்தில் அன்று பிர்ச், பாப்லர், துஜா மரங்கள் நின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட தாவரப் பேரினங்கள் வளர்ந்தன. கலைமான், முயல், லெம்மிங் என்னும் எலியினம், வாத்தினப் பறவைகள் வாழ்ந்தன. யானையின் உறவினமான மாஸ்டோடன் அங்கே உலவியது என்பதுதான் எல்லோரையும் திகைக்க வைத்தது. அவ்விலங்கு அத்தனை வடக்கே சென்றிருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. குதிரைலாட நண்டின் தடயமும் கிடைத்ததால் கடல்நீரும் இன்றைவிட வெதுவெதுப்பாக இருந்தது தெரிந்தது. ஆண்டுச் சராசரி வெப்பம் இன்றைவிட 11 முதல் 19 டிகிரி செல்சியஸ் அதிகமாக இருந்திருக்கிறது.

இதை எவ்வாறு கண்டுபிடிக்கிறார்கள் என்பதும் சுவையானது. மண்ணை எடுக்கும்போதே கையுறை, முகக்கவசம் எல்லாம் அணிந்துகொள்கிறார்கள். ஆய்வாளரின் ஒரு தும்மல் போதும், அவருடைய டி.என்.ஏ. மண்ணில் கலந்துவிடும். ஆய்வுக்கூடத்தில் ரசாயனங்களால் மண்ணிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரிக்கிறார்கள். முழு நூலாக அது வருவதில்லை. கரையான் தின்ற ஓலைச்சுவடிபோல், பெரும்பாலும் நூறு எழுத்துகளுக்கும் குறைந்த துணுக்குகளாகவே வருகிறது. அவற்றைப் படித்து, இன்று வாழும் உயிரினங்களின் டி.என்.ஏ.வோடு கணினியின் உதவியால் ஒப்பிட்டு, எது எதனுடையது என்று பிரிக்கிறார்கள். அது பழையதுதானா, நேற்று விழுந்ததா என்பதற்கும் அடையாளம் உண்டு. பழைய துணுக்குகளின் ஓரங்களில் சைட்டோசின் என்னும் எழுத்து சிதைந்து, தைமின்போலப் படிக்கப்படும். பழைய ஓலைக்கு ஓரம் கறுத்திருப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் படித்தேன். ஸ்மெக்டைட் என்ற களிமண் வகை டி.என்.ஏ.வை மிக இறுகப் பிடித்துக்கொள்கிறது. அதனிடமிருந்து பறிப்பதே பெரும்பாடாம். குவார்ட்ஸ் மணல் எளிதில் விட்டுவிடுகிறது. நம் கரிசல் மண்ணில் மிகுந்திருப்பதும் ஸ்மெக்டைட் இனக் களிமண்தான் என்று அறிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. "கரிசல் ஒட்டுனா விடாது" என்று அப்பா எத்தனையோ முறை கடப்பாரையைத் தேய்த்துக் கழுவியபடி சொல்லியிருக்கிறார்.

நான் சொன்ன பொய்

கருத்தரங்கு நாளில் கை கால் நடுங்கினாலும் ஒருவாறு பேசி முடித்தேன். இந்த ஆராய்ச்சியில் உள்ள சிக்கல் ஒன்றையும் எடுத்துச் சொன்னேன். நியூசிலாந்தில் மோவா என்ற பெரும்பறவைகள் வாழ்ந்தன. பறக்க இயலாத அவை, ஐரோப்பியர் அங்கே செல்வதற்கு முன்னமேயே அழிந்துவிட்டன. செம்மறியாடோ ஐரோப்பியரோடு வந்து சேர்ந்தது. ஆனால் மோவா வாழ்ந்த காலத்துக் குகைமண் அடுக்கில் செம்மறியாட்டின் டி.என்.ஏ. கிடைத்தது. 2007-இல் வெளியான ஆய்வு இது. ஒன்றையொன்று பார்த்தேயிராத இரண்டு உயிர்கள் ஒரே அடுக்கில்!

பேராசிரியை அவர்கள் என்னை நிறுத்திக் கேட்டார்கள்: "கீழே போகப் போகப் பழைய மண் என்றுதானே படிக்கிறோம்? அப்படியானால் இது எப்படி நேர்ந்திருக்கும்? வகுப்பில் யாராவது சொல்லுங்கள்."

யாரும் வாய் திறக்கவில்லை. ஆட்டின் சிறுநீர் போன்றவற்றோடு டி.என்.ஏ. மேலடுக்கிலிருந்து கீழே கசிந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதியதை நான் சொன்னேன். அதோடு நில்லாமல், என்னையும் அறியாமல் மேலும் பேசினேன்:

"கசிவு மட்டும் இல்லை, மேடம். மண்ணே இடம் மாறும். கரிசல் மண் கோடையில் ஆள் இடுப்பளவுக்கு வெடிக்கும். மேல் மண், விதை, சாணம் எல்லாம் அந்த வெடிப்பில் விழும். மழை பெய்ததும் வெடிப்பு மூடிக்கொள்ளும். பிறகு அங்கே கிணறு வெட்டினால் நாலடி ஆழத்தில் போன வருஷத்துப் பருத்திக் கொட்டை கிடக்கும். அதைக் கண்டு அந்த மண் புதியது என்று நினைத்தால் ஏமாந்துவிடுவோம். சுக்கான் தட்டிய பிறகு கிடைப்பதைத்தான் நம்பலாம்."

வகுப்பு அமைதியாயிற்று. பேராசிரியை அவர்களின் முகத்தில் மகிழ்ச்சி. "மிக நல்ல பதில். இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்கள்.

"என் அப்பா சொன்னார், அவர் கிணறு வெட்டுகிறவர்" என்ற சொற்கள் என் தொண்டை வரை வந்தன. முன் பெஞ்சில், "எத்தனை ஏக்கர்?" என்று கேட்ட தோழி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு புத்தகத்தில் படித்தேன், மேடம்" என்றேன்.

"எந்தப் புத்தகம்? பெயரை எழுதிக் கொடு. எனக்கும் பார்க்க வேண்டும்" என்றார்கள்.

எல்லோரும் கைதட்டினார்கள். என் வாழ்நாளில் எனக்காக ஒரு கூட்டம் கைதட்டியது அதுவே முதல் தடவை. ஆனால் அந்தக் கைதட்டலில் எனக்கு ஒரு துளி இன்பமும் உண்டாகவில்லை. திருடிய பொருளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவளைப்போல நின்றேன்.

யானைகளும் தண்ணீரும்

அன்றிரவு அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன தாயி, இன்னைக்கு மேடையில பேசப் போறேன்னியே, பேசினியா?"

"பேசினேம்ப்பா."

"என்னத்தப் பத்தி?"

"மண்ணைப் பத்தி."

அப்பா சிரித்துவிட்டார். "மண்ணைப் பத்திப் பேசவா காலேசுக்குப் போற?"

நான் அவருக்கு ஒரு தீவின் கதையைச் சொன்னேன். அலாஸ்காவுக்கு மேற்கே பெரிங் கடலில் செயின்ட் பால் என்று ஒரு சிறு தீவு. பனியுகம் முடிந்து கடல் மட்டம் உயர்ந்தபோது, அங்கிருந்த மாமூத் யானைகள் வெளியேற வழியின்றிச் சிக்கிக்கொண்டன. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அவை அங்கே பிழைத்திருந்தன. அத்தீவின் ஏரி ஒன்றின் அடியில் துளையிட்டு, வண்டலைத் தூண்போல எடுத்து, அடுக்கடுக்காக டி.என்.ஏ.வைத் தேடினார்கள். கீழ் அடுக்குகளில் மாமூத்தின் டி.என்.ஏ. இருந்தது. ஓர் அடுக்குக்கு மேலே அறவே இல்லை. அந்த அடுக்கின் காலம் இன்றைக்குச் சுமார் 5,600 ஆண்டுகளுக்கு முன். சாணத்தில் முளைக்கும் காளான்களின் விதைத்தூளும் அதே காலத்தில் அற்றுப்போயிற்று. 2016-இல் இந்த ஆய்வு வெளிவந்தது. மனிதர்கள் அத்தீவுக்குப் போனது 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். ஆகவே வேட்டையாடி அழித்தார்கள் என்று சொல்ல வழியில்லை.

"பிறகு எப்படிச் செத்துச்சு?" என்று கேட்டார் அப்பா.

"தண்ணி இல்லாமச் செத்துச்சுப்பா. கடல் ஏறி ஏறித் தீவு சுருங்கிப் போச்சு. மழையும் குறைஞ்சு ஏரி வத்திப் போச்சு. சுத்தியும் கடல்தான், குடிக்க நல்ல தண்ணி இல்லை."

அப்பா சோற்றில் வைத்த கையை எடுக்காமல் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார்: "அந்த ஏரியை அந்த யானைகளே சேறாக்கியிருக்கும். நம்ம கண்மாய் வத்தினப்பப் பார்த்தேல்ல? கடைசியில ஒரு குட்டைதான் கிடந்துச்சு. ஊர் மாடெல்லாம் அதுலதான் நின்னுச்சு. மிதிச்சு மிதிச்சே இருந்த தண்ணியையும் கெடுத்துருச்சு. பாவம், அதுக என்ன செய்யும்? வேற எங்கன போகும்?"

எனக்கு உடல் சிலிர்த்தது. நீர் வற்ற வற்ற யானைகள் ஏரியைச் சுற்றியே கூடி, கரையில் இருந்த செடிகொடிகளை அழித்து, மண் சரிந்து ஏரி மேலும் தூர்ந்து கலங்கியிருக்கலாம் என்றுதான் அந்த ஆய்வாளர்களும் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பகுதியை நான் அப்பாவிடம் சொல்லவே இல்லை.

அவர் குறிப்பிட்ட வறட்சி எனக்கும் நினைவிருக்கிறது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. நான் அப்போது ஆறாம் வகுப்பு. ஊரில் எல்லோரும் வேலையின்றி இருக்க, என் அப்பாவுக்கு மட்டும் ஓயாத வேலை. நாளுக்கொரு கிணற்றில் இறங்கி ஆழப்படுத்தினார். கூலி கொடுக்கப் பலரிடம் பணம் இல்லை. "தண்ணி வரட்டும், பிறகு பார்த்துக்கிடலாம்" என்று சொல்லிவிட்டு வருவார். ஓர் ஊற்றுக்கண் திறந்த நாளில், அந்தக் கிணற்றின் முதல் நீரைத் தூக்குவாளியில் கொண்டு வந்து எனக்குக் கொடுத்தார். கலங்கலாக, மண் வாசனையோடு இருந்த அந்த நீரை நான் குடித்தேன். அந்த அப்பாவைத்தான் நான் பஸ்ஸில் தெரியாதவரைப்போல் பார்த்தேன். அந்த அப்பாவின் அறிவைத்தான் ஏதோ புத்தகத்தில் படித்ததாகச் சொன்னேன்.

அழுகையை அடக்க முடியவில்லை. வகுப்பில் நடந்ததை அவரிடம் சொல்லிவிட்டேன். "வெடிப்புல கொட்டை விழுறதைச் சொன்னேம்ப்பா. ஆனா நீங்க சொன்னதா சொல்லலை."

அப்பா என்னைச் சற்று நேரம் பார்த்தார். "பேரு என்னத்துக்கு தாயி? விஷயத்தைச் சரியாத்தானே சொன்னே? சுக்கான் தட்டுற வரைக்கும் நம்பக் கூடாதுன்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்தார்.

அவர் கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சிறிது நேரம் கழித்துத் திண்ணையில் உட்கார்ந்தபடி அவரே கேட்டார்: "அந்த டி.என்.ஏ.வை நம்ம கிணத்து மண்ணுலயும் பார்க்கலாமா?"

உண்மையைச் சொன்னேன். நம் ஊர் வெயிலிலும், ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வரும் மண்ணிலும் டி.என்.ஏ. விரைவில் சிதைந்துவிடும். ஆகையால்தான் இந்தச் சாதனைகள் பெரும்பாலும் பனி நாடுகளிலும் குளிர்ந்த குகைகளிலும் நடந்திருக்கின்றன.

"அப்ப நம்ம மண்ணுக்கு ஞாபகமே இருக்காதா?" என்று கேட்டார்.

இக்கேள்விக்கு என்னிடம் உடனே பதில் இல்லை. பிறகு அவரிடமே கேட்டேன்: "பத்தடிக்குக் கீழ நத்தை ஓடு கிடந்துச்சுன்னு ஒரு தடவை சொன்னீங்களே?"

"ஆமா. ஓடைப்பட்டிக் கிணத்துல. கூழாங்கல்லும் கிடந்துச்சு, உருண்டை உருண்டையா. இப்ப அங்க ஓடையே கிடையாது. என்னைக்கோ அங்கன தண்ணி ஓடியிருக்கு."

"அதுவும் மண்ணோட ஞாபகந்தாம்ப்பா" என்றேன்.

மறுநாள்

மறுநாள் துறை அறைக்குச் சென்று பேராசிரியை அவர்களிடம், அந்தப் புத்தகம் என்று ஒன்று இல்லை என்பதையும், என் அப்பாவின் தொழில் என்ன என்பதையும் சொன்னேன். நான்கு ஏக்கர் பொய்யையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அவர்கள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "உன் தந்தை எத்தனை கிணறு வெட்டியிருப்பார்?" என்று மட்டும் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. "கேட்டு எழுது. ஒவ்வொரு கிணற்றிலும் எத்தனை அடிக்கு என்ன மண், என்ன கிடைத்தது என்று எழுதிக்கொண்டு வா. முதலில் எழுதுகிற பக்கத்தில் அவர் பெயரைப் போடு" என்றார்கள்.

அன்று முதல் நாற்பது பக்க நோட்டு ஒன்று எங்கள் வீட்டில் வேலை செய்கிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அப்பா சொல்வார், நான் எழுதுவேன். மேலே கரிசல் ஏழடி, சுக்கான் மூன்றடி, செம்மண் கலந்த சரளை ஐந்தடி, பிறகு பாறை என்று அவர் விரலைத் தரையில் ஊன்றி ஊன்றி, கிணற்றுக்குள்ளேயே நிற்பவர்போலச் சொல்கிறார். முப்பது ஆண்டுக்கு முன் வெட்டிய கிணற்றின் அடுக்கையும் மறக்கவில்லை. நத்தை ஓடு கிடைத்த கிணறுகள் மட்டும் இதுவரை ஐந்து. அவற்றை ஊர்ப் படத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால் நான்கு புள்ளிகள் ஏறத்தாழ ஒரே வரிசையில் விழுகின்றன. அது பழைய ஓடையின் தடம்தானா என்று சொல்லுமளவுக்கு நான் இன்னும் படிக்கவில்லை. படிக்க வேண்டும் என்று ஆசை இருக்கிறது.

நண்பர்களே, நம் கல்லூரியில் என்னைப்போல் வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்கள் தந்தையோ தாயோ செங்கல் அறுப்பவராக இருக்கலாம். மீன் பிடிப்பவராக, ஆடு மேய்ப்பவராக, துணி வெளுப்பவராக இருக்கலாம். பட்டப்படிப்பு நம்மை அவர்களிடமிருந்து விலக்கி எங்கோ கொண்டு போய்விடும் என்று நான் நினைத்திருந்தேன். விலகிப் போவதுதான் முன்னேற்றம் என்றும் நினைத்தேன். அது தவறு. கிரீன்லாந்தின் மண்ணைப் படிக்கப் போய், எங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தவரை நான் அறிந்துகொண்டேன்.

இந்த மாதம் உதவித்தொகைக்கான விண்ணப்பம் கொடுத்தார்கள். தந்தையின் தொழில் என்ற இடத்தில் சென்ற ஆண்டு 'விவசாயம்' என்று எழுதியிருந்தேன். இம்முறை 'கிணறு வெட்டுதல்' என்று எழுதினேன். அருகில் இருந்த தோழி எட்டிப் பார்த்துவிட்டு, "அப்போ அந்த நாலு ஏக்கர்?" என்றாள்.

"இல்லை" என்றேன். "ஆனால் எங்கள் அப்பா அறுபத்து மூன்று கிணறு வெட்டியிருக்கிறார். அதில் முப்பத்தொன்றைப் பற்றி எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, நோட்டைக் காட்டுகிறேன்."

அவள் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.